கொங்கு நாட்டு ஊராட்சியின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டத்து ஊர்களில் ஊராட்சியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. தேர்தலில் நிற்க விரும்பும் இளைஞர்களும், வீட்டு வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெரியவர்களும், ஊர் வரலாறு எழுத முனையும் ஆசிரியர்களும் கேட்டவற்றைத் தொகுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஊரின் பெயரால் பேசியவர் யார், பேசியதை எழுதி வைத்தவர் யார் என்ற இரண்டையும் எந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கும்போதும் நான் தேடுவேன். விடைகளிலும் அந்தத் தேடல் தெரியும்.

கொங்கு நாட்டில் ஊராட்சி எப்போது தொடங்கியது?

சட்டம் உருவாக்கிய ஊராட்சிக்கு வயது நூறைச் சற்றே தாண்டும். ஊர் தன் காரியத்தைத் தானே கூடிப் பேசி நடத்திக்கொண்ட வழக்கமோ அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை இப்பகுதியை ஆண்ட கொங்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'ஊரார்', 'நாட்டார்' என்ற சொற்களைக் காணலாம். கோயில் விளக்குக்குப் பழஞ்சலாகை அச்சு என்னும் காசைக் கொடையாக அளித்த செய்திகளும் அக்கல்வெட்டுகளில் உண்டு. 'ஊரார்' என்பது வேளாண் நிலத்தில் காணியுரிமை, அதாவது வழிவழி நில உரிமை, பெற்றவர்களின் கூட்டம். 'நாட்டார்' என்பது பல ஊர்களைச் சேர்த்த நாட்டின் கூட்டம்.

கொங்கு மண்டலம் 24 நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. பூந்துறை நாடு, காங்கேய நாடு, ஆறை நாடு, பொங்கலூர் நாடு, காஞ்சிக்கோயில் நாடு, வெங்கால நாடு ஆகிய பெயர்களை இன்றும் கோயில் திருவிழா அழைப்பிதழ்களில் பார்க்கிறோம். இங்கே நாடு என்ற அமைப்பு இவ்வளவு உரம் பெற்றதற்கு நில அமைப்பும் காரணம் என்று கருதுகிறேன். காவிரிப் படுகையில் வீடுகள் ஒரே இடத்தில் நெருங்கி நிற்க, சுற்றிலும் வயல் விரிந்திருக்கும். கொங்கிலோ மேட்டாங்காடும் கிணற்றுப் பாசனத் தோட்டமுமாக நிலம் பரந்து கிடக்க, குடியானவர் பலர் தத்தம் தோட்டத்துச் சாளை என்னும் வீட்டிலேயே குடியிருந்தனர். இப்படிச் சிதறி வாழ்ந்தவர்களுக்குக் கோயிலும், அதைச் சூழ்ந்த நாடும் கூடுமிடங்களாக இருந்தன. ஒரே ஊராட்சிக்குள் பத்துப் பன்னிரண்டு குக்கிராமங்கள் அடங்கியிருப்பதும், ஊராட்சியின் பெயரோ அவற்றுள் ஒன்றின் பெயராக மட்டும் இருப்பதும் கொங்கில் இன்றும் காணக்கூடியவை. 'எங்க ஊரு பேரையே காணமே' என்ற வருத்தத்தைப் பல குக்கிராமங்களில் கேட்டிருக்கிறேன்.

உத்திரமேரூர்க் குடவோலை முறை கொங்கிலும் இருந்ததா?

உத்திரமேரூர் தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த ஊர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊரைக் குடும்பு என்னும் 30 பகுதிகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு வாரியம் என்னும் குழுக்களின் உறுப்பினர்களைத் தேர்ந்த முறையை விரிவாகச் சொல்கின்றன. இரண்டாவது கல்வெட்டின்படி வயது 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருக்க வேண்டும், கால் வேலி என்ற பழைய நில அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தகுதி இழந்தனர். கணக்குக் காட்டாதவர் திரும்பி வரக் கூடாது என்ற அந்த விதியை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

ஆனால் அது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊரின் சபை. கொங்கில் மேலோங்கியிருந்தவை வேளாண் ஊரும் நாடுமே. ஆகவே உத்திரமேரூரின் விதிகளை அப்படியே எடுத்து வந்து 'எங்கள் ஊரிலும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தேர்தல் நடந்தது' என்று எழுதுவது சரியன்று. அண்மையில் வெளிவரும் சில ஊர் வரலாற்று மலர்களில் இந்தப் பிழையைக் காண்கிறேன். நம் ஊர்களுக்கென்றே தனி வரலாறு இருக்கும்போது இரவல் பெருமை எதற்கு?

அந்தப் பழைய ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் பேச முடிந்ததா?

முடியவில்லை. இதற்குக் கரூர்ப் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்றை நெருங்கிப் படிப்பது நல்லது. 'கோனேரின்மைகொண்டான்' என்ற அரசப் பட்டத்தின் பெயரால் வெங்கால நாட்டுக் கண்மாளர்க்கு, அதாவது கம்மாளர்களுக்கு, விடுத்த ஆணை அது. நன்மைக்கும் தின்மைக்கும், அதாவது நல்லது கெட்டதுகளுக்கு, இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அந்த ஆணை அனுமதி தருகிறது.

ஏர்க்கொழுவும் வண்டிச் சக்கரமும் தாலியும் செய்து கொடுத்த மக்கள், தம் வீட்டுச் சுவரில் சுண்ணச் சாந்து பூசுவதற்கும் அரசனின் அனுமதியை நாட வேண்டியிருந்தது என்பதே அக்கல்லின் பொருள். அதுவரை அவற்றைத் தடுத்து வைத்திருந்தது அவர்கள் வாழ்ந்த ஊர்களின் கட்டுப்பாடு என்றே கொள்ள வேண்டும். கம்மாளர் நிலையே இதுவென்றால், உழவுக்கூலி செய்தும் பறை அடித்தும் வாழ்ந்தோரின் நிலையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பெண்களின் குரலுக்கும் அக்கூட்டத்தில் இடமில்லை. பழைய ஊர்க்கூட்டம் ஏரியையும் கோயிலையும் காத்தது உண்மை. அது காணியாளர்களின் கூட்டமாகவே இருந்ததும் அதே அளவு உண்மை. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு எழுதும் வரலாறு யாருக்கும் பயன்படாது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் கடுமையாகச் சாடிப் பேசியதற்கும், அரசியலமைப்பின் அடிப்படை அலகாகக் கிராமத்தை அல்லாமல் தனிமனிதரைக் கொண்டதற்கும் பின்னால் இருந்தது இந்த அனுபவந்தான். அதே மாதத்தில் சபை உறுப்பினர் க. சந்தானம் கொண்டு வந்த திருத்தத்தின் வழியே ஊராட்சிகளை அமைக்க வேண்டும் என்ற 40-ஆம் உறுப்பு வழிகாட்டு நெறியாகச் சேர்ந்தது. இன்றைய ஊராட்சிக்குள் இந்த இரு நிலைப்பாடுகளும் சேர்ந்தே இருக்கின்றன.

மணியகாரரும் கணக்குப்பிள்ளையும் ஊராட்சியைச் சேர்ந்தவர்களா?

அல்லர். இந்தக் குழப்பம் இன்னமும் தீரவில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியின் கைக்கு வந்தது. நிலவரியை ஒவ்வொரு குடியானவரிடமும் நேரடியாகத் தண்டும் ரயத்துவாரி முறை நிலைபெற்றபோது, வரி தண்ட ஊருக்கு ஒரு மணியகாரர், கணக்கு எழுத ஒரு கணக்குப்பிள்ளை, காவலுக்குத் தலையாரி, ஏவலுக்கு வெட்டியான் என்ற பரம்பரைப் பதவிகள் அரசின் அடிமட்ட நிருவாகமாயின. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் ஊர்த் தலைவருக்குச் சிறு உரிமையியல் வழக்குகளைத் தீர்க்கும் கிராம முன்சீப் அதிகாரத்தையும், பஞ்சாயத்தாருக்கு வழக்குத் தீர்க்கும் பொறுப்பையும் அளித்தன. 'முன்சீப்' என்ற பெயர் மணியகாரருக்கு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஊரார் தேர்ந்தெடுக்காத இவர்கள் ஊராருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜமாபந்தி என்னும் ஆண்டு வருவாய்க் கணக்குத் தணிக்கையில் தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் கணக்குக் காட்டினால் போதும்.

பயிர்க் கணக்கான அடங்கலும் நில உரிமைக் கணக்கான சிட்டாவும் கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில்தான் இருந்தன. 'கணக்கன் கணக்கறிவான்' என்ற பழமொழியில் மரியாதையைவிட அச்சமே மிகுதி. எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த வண்டிப்பாதை எந்தப் புலத்தில் ஓடுகிறது என்பதை ஊரில் ஒரே ஒரு குடும்பம் மட்டும் அறிந்திருந்த காலம் அது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு இந்தப் பதவிகளை ஒழித்தது. அதன்பின் தேர்வு எழுதி வரும் கிராம நிருவாக அலுவலர் அந்த இடத்துக்கு வந்தார். ஆகவே வி.ஏ.ஓ. வருவாய்த் துறையைச் சேர்ந்தவர், ஊராட்சிச் செயலர் ஊராட்சியைச் சேர்ந்தவர். பட்டா மாறுதலுக்கு ஊராட்சித் தலைவரை நெருக்குவதிலும், தெருவிளக்குக்காக வி.ஏ.ஓ.விடம் மனுக் கொடுப்பதிலும் பயனில்லை.

கொங்கில் இவர்கள் தவிர ஊர்க் கவுண்டர், கொத்துக்காரர், நாட்டு அளவில் பட்டக்காரர் என்று வழக்கத்தால் வந்த பொறுப்புகளும் இருந்தன. கோயில் முறைமைகளில் அவர்களுக்குள்ள மரியாதை வேறு, ஊராட்சி அதிகாரம் வேறு.

சட்டப்படியான ஊராட்சி எப்படி வளர்ந்தது?

1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884-இல் சென்னை மாகாணத்தில் தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, சில ஊர்களைச் சேர்த்த யூனியன் என்று மூன்று அடுக்குகள் அமைந்தன. தெருக் கூட்டுவதும் விளக்கு ஏற்றுவதும் யூனியனின் வேலைகள். தொடக்கத்தில் அதிகாரம் பெரும்பாலும் அரசு நியமித்தவர்களிடமே இருந்தது. 1920-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று போர்டுகளைச் சீர்திருத்தியது, மற்றொன்று சென்னைக் கிராம ஊராட்சிச் சட்டம். ஊருக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு சட்டத்தில் இடம் பெற்றது அந்த ஆண்டில்தான். தாலுகா போர்டுகள் 1934-இல் கலைந்தன.

விடுதலைக்குப் பின் 1950-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், 500 பேருக்கு மேல் வாழும் ஒவ்வோர் ஊரிலும் ஊராட்சி அமைய வேண்டும் என்ற நோக்கத்தோடு வந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்ற நிலையில், தோட்டத்து முதலாளியும் அவர் தோட்டத்தில் பண்ணையம் பார்த்தவரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர். கரூர்க் கல்வெட்டிலிருந்து அந்த வரிசைக்கு வர ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பல்வந்த்ராய் மேத்தா குழு 1957-இல் மூன்றடுக்கு ஊராட்சியைப் பரிந்துரைத்தது. காமராசர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஜில்லா போர்டுகளுக்கு முடிவு கட்டி, வட்டார வளர்ச்சித் திட்டப் பகுதிகளை அடியொற்றி ஊராட்சி ஒன்றியங்களை உருவாக்கியது. 1960-61-இல் ஒன்றியங்கள் செயல்படத் தொடங்கின. தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்பில் வந்தன. 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று நம் ஊர்ப் பள்ளியின் முகப்பில் இன்றும் இருக்கும் எழுத்து அந்தச் சட்டத்தின் தடம். பள்ளியை இப்போது கல்வித் துறை நடத்தினாலும் பெயர் மாறவில்லை. பெரியவர்கள் சிலர் பழைய உயர்நிலைப் பள்ளிகளை 'போர்டு ஸ்கூல்' என்பது ஜில்லா போர்டு காலத்தின் மிச்சம்.

நடுவில் பல ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை என்கிறார்களே?

உண்மைதான். 1970-இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு அடுத்த தேர்தல் 1986-இல்தான் வந்தது. அதன் காலம் முடிந்த பின் மறுபடியும் 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இருபத்தாறு ஆண்டுகளில் ஊர் மக்கள் ஊராட்சிக்கு வாக்களித்தது ஒரே ஒரு முறை. இடைப்பட்ட காலங்களில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கையெழுத்திட்டனர். ஒரு தலைமுறையே கூட்டம் கூடிப் பேசும் பழக்கத்தை இழந்துவிட்டது. அந்த இழப்பை ரூபாயில் கணக்கிட முடியாது.

1994-ஆம் ஆண்டுச் சட்டம் எதை மாற்றியது?

அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம், கிராம சபை, பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. பதினொன்றாம் அட்டவணையில் 29 துறைகளைப் பட்டியலிட்டது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. மூன்றில் ஒரு பங்காக இருந்த பெண்களுக்கான இடங்கள் 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் பாதியாக உயர்ந்தன.

2019 டிசம்பர்த் தேர்தலின்போது கோவையில் 228, ஈரோட்டில் 225, திருப்பூரில் 265, நாமக்கல்லில் 322, கரூரில் 157 கிராம ஊராட்சிகள் இருந்தன. வாக்காளர் ஒவ்வொருவரும் வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு வாக்குகளை அளித்தனர். தலைவர் பதவிக்கும் வார்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியின் செயல் அலுவலர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பேரூராட்சியில் அந்த இடத்தில் அரசு ஊழியர் இருக்கிறார்.

சட்டம் தந்த நாற்காலியை ஊர் தந்துவிட்டதா என்பது அடுத்த கேள்வி. பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவர்களை நாற்காலியில் உட்கார விடாத புகார்கள் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்துள்ளன. பெண் தலைவர் வாசலில் நிற்க, அவருடைய வீட்டுக்காரர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். இது வெறும் ஊர் வழக்கம் என்று கடந்து போகக் கூடாது. சட்டத்தை மீறும் செயல் இது. ஆனால் முதல் ஐந்தாண்டில் வாசலில் நின்றவர், இரண்டாம் முறை தாமே பதிவேட்டைத் திறந்து வாசித்ததையும் கண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் கோயில் ஊர்க்கூட்டம் தனியே நடக்கிறது. அதுவும் ஊராட்சியும் ஒன்றா?

ஒன்றல்ல. திருவிழாவுக்கு வரி போடவும், தேருக்கு நாள் குறிக்கவும், பொங்கல் முறைமைகளைப் பேசவும் கூடுவது வழக்கத்தால் அமைந்த கூட்டம். அதன் முடிவை ஏற்பது அவரவர் விருப்பம். ஒரு குடும்பத்தை ஊரை விட்டு விலக்கி வைப்பதற்கோ, யாருடைய திருமணத்தையாவது தடுப்பதற்கோ, தண்டம் விதிப்பதற்கோ அந்தக் கூட்டத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை, அவற்றை ஒடுக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 'பஞ்சாயத்து' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வழங்குவதால்தான் இந்த மயக்கம். எழுதும்போது நான் 'ஊராட்சி' என்றே எழுதுவதன் காரணம் இதுதான்.

கிராம சபை எப்போது கூடும்? எத்தனை பேர் இருக்க வேண்டும்?

சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22-ஆம் நாளும் நவம்பர் 1-ஆம் நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் உறுப்பினரே. அழைப்பிதழுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெருந்துறைப் பக்கத்து ஊர் ஒன்றில் மே தினக் கூட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். சமுதாயக் கூடத்தின் முன்னால் சாமியானா. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டதும் பாதிப் பேர் நூறு நாள் வேலைத் தளத்தின் களைப்போடு வேப்ப மர நிழலுக்கு நகர்ந்துவிட்டனர். செயலர் வரவு செலவைத் தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, "ஏனுங்க, உப்புத் தண்ணி மோட்டாருக்கு ரிப்பேருன்னு மூணு தடவை வாசிச்சீங்க. மோட்டாரு ஒன்னு தானுங்களே?" என்று கேட்டார். நிழலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். செயலர் ரசீதுகளை எடுத்து வர உள்ளே போனார். இரண்டு ரசீதுகள் வேறு குக்கிராமத்து மோட்டாருக்கு உரியவை என்று தெரிந்தது, அதைப் பதிவேட்டிலும் திருத்தி எழுதினார்கள். தவறு பெரிதல்ல. கேட்டதும் காட்ட வேண்டியிருந்தது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணங்கள் ஆகியவை சொந்த வருவாய். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்தே செலுத்துகிறோம். மாநில நிதி ஆணைய மானியமும் மத்திய நிதி ஆணைய மானியமும் மேலிருந்து வருகின்றன. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டி வைத்தது. மீதி 40 விழுக்காட்டை ஊர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம் என்றது. பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். பல ஊராட்சிகளில் வேலை முடங்குவதற்குக் காரணம் இந்த இருவரின் மனத்தாங்கல்தான்.

சொந்த வருவாயைப் பெருக்கிய ஊராட்சி என்றால் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறையைத்தான் சொல்ல வேண்டும். 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகம் காலத்தில், மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயைத் தின்பதைக் கண்டு மாற்று வழி தேடினார்கள். ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று, 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே நிறுவியது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று கோடிக்கணக்கில் முதலீடு செய்தவர்களுக்கு மட்டும் வருவாய் தந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு கிராம ஊராட்சி அதில் பங்கு கேட்டது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருவாயும் ஈட்டியது.

குட்டையும் இட்டேரியும் யாருடையவை?

மேய்ச்சல் நிலம், களம், மயானம், வண்டிப்பேட்டை போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைச் சட்டம் ஊராட்சிக்கு அளித்துள்ளது. நிலம் அரசுடையது, காப்பது ஊராட்சியின் கடமை. இரு புறமும் கிளுவை வேலி நிற்க, நடுவே வண்டி போகும் இட்டேரிகள் கொங்கின் தனி அடையாளம். வேலியை ஆண்டுக்கு ஒரு முழம் நகர்த்தியே மறைந்துபோன இட்டேரிகள் பல. நில அளவைப் புலப்படத்தில் வண்டிப்பாதை என்று இருந்தால் அதை மீட்க முடியும். அளந்து காட்டுமாறு ஊராட்சி தீர்மானம் போட்டு வருவாய்த் துறையைக் கேட்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவினாசித் திட்டம் பவானியின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு செல்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் மக்கள் போராடிப் பெற்ற திட்டம் அது. குழாய் குட்டை வரைக்கும் வரும். குட்டையின் கரையையும் வரத்து வாய்க்காலையும் சீமைக் கருவேலத்திலிருந்து காப்பது அந்தந்த ஊரின் கையில்தான் இருக்கிறது.

கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்துமா?

எல்லாவற்றிலும் அல்ல. பயனாளிகள் தேர்வு, ஊராட்சித் திட்டங்களுக்கு ஒப்புதல், சமூகத் தணிக்கை ஆகியவற்றில் அதன் முடிவுக்குச் சட்ட வலிமை உண்டு. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது, உயர் மின்கோபுரம் அமைப்பது போன்றவற்றில் தீர்மானம் ஊரின் கருத்தாக மட்டுமே நிற்கும். ஆனால் பின்னாளில் வழக்கு வரும்போது தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கம் சான்றாகும் என்பதால், பயனில்லை என்று விட்டுவிடக் கூடாது.

வன உரிமைச் சட்டம், 2006 இதில் தனித்து நிற்கிறது. சத்தியமங்கலம், பர்கூர், ஆனைமலை மலைகளின் பழங்குடிக் குடியிருப்புகளில் வன உரிமைக் கோரிக்கையைப் பெற்று முதலில் ஆராய வேண்டியது கிராம சபைதான். எல்லைக்கு அப்பால், பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டி ஊராட்சி 2003-இல் பிளாச்சிமடை கோக்க கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதையொட்டி எழுந்த வழக்கு பல ஆண்டுகள் நடந்தது, ஆலை 2004-இல் நின்றது, பிறகு திறக்கப்படவே இல்லை.

நகரத்தோடு இணைந்தால் எங்கள் ஊராட்சி என்னவாகும்?

கலைந்துவிடும். 2011-இல் கோவை மாநகராட்சி விரிந்தபோது விளாங்குறிச்சி ஊராட்சி அப்படித்தான் வார்டுக்குள் கரைந்தது. சாலையும் குழாயும் மேம்படக்கூடும், வரி உயரும், ஊரக வேலைத் திட்டம் நின்றுவிடும், கிராம சபை இராது. இணைப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கடைசி இழப்பைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தலைவர் இல்லாத காலத்தில் யாரிடம் கேட்பது?

2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபின் மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே இருந்தனர். 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 சனவரி 5-இல் முடிந்தபோதும் பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. அக்காலங்களில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனுக் கொடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்கள் இல்லாவிட்டாலும் கிராம சபை இல்லாமற் போவதில்லை, ஏனெனில் அதன் உறுப்பினர்கள் வாக்காளர்களே.

எங்கள் ஊராட்சியின் வரலாற்றை எழுத எங்கே தொடங்குவது?

தீர்மானப் புத்தகத்தில் தொடங்குங்கள். ஊராட்சி அலுவலகத்து மர பீரோவின் அடித்தட்டில், கறையான் அரித்த வரிப் பதிவேடுகளுக்குக் கீழே பழையவை கிடக்கும். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். ஒன்றிய அலுவலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். கோயில் சுவர்க் கல்வெட்டின் மேல் வெள்ளை அடிக்க விடாதீர்கள்.

அப்படி ஒரு தீர்மானப் புத்தகத்தை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஊதா மையில் எழுதிய தொடக்கப் பக்கங்களில் தெருவுக்கு அரிக்கன் விளக்கு வாங்கவும், பயிரை மேய்ந்த மாடுகளை அடைக்கும் பவுண்டுக்குச் சுவர் எழுப்பவும் தீர்மானங்கள் இருந்தன. அடியில் ஏழு உறுப்பினர்களின் ஒப்பம். ஆறு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஏழாவது, பெருவிரல் ரேகை. அதன் பக்கத்தில் வேறு யாரோ அவருடைய பெயரையும் காலனியின் பெயரையும் எழுதியிருந்தனர். பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் தள்ளி, அதே வரிசையின் ஏழாவது இடத்தில் ரேகை இல்லை. எழுத்துக் கூட்டி, கோடு தாண்டி, பெரிது பெரிதாக அவர் தம் பெயரைத் தாமே எழுதியிருந்தார்.